நுரை மாதிரியும் அலுமினிய வார்ப்பும்: சிறு பட்டறைக்கு எந்த வழி?

உருக்கிய உலோகத்தை ஊற்றுவதற்கு ஓர் உள்ளிடம் வேண்டும். அந்த உள்ளிடத்தின் வடிவமே பொருளின் வடிவம். அதை உண்டாக்க முதலில் ஒரு மாதிரி செய்கிறோம். பவுண்டரிக்காரர்கள் அதைப் பேட்டர்ன் என்பார்கள். மாதிரியைச் சுற்றி மண்ணை இறுக்கி அடைத்தாயிற்று. இனி உள்ளே இருக்கும் மாதிரியை என்ன செய்வது? வார்ப்புத் தொழில் தோன்றிய நாளிலிருந்து கேட்கப்படும் கேள்வி இது.

இதற்கு மூன்று விடைகள் உண்டு. அச்சை இரண்டாகப் பிரித்து மாதிரியை வெளியே எடுத்துவிடலாம். மாதிரியை மெழுகில் செய்து, சூடாக்கி, உருக்கி வடித்துவிடலாம். எடுக்காமலே விட்டு, ஊற்றும் உலோகமே அதை அழித்துக்கொண்டு அந்த இடத்தைப் பிடிக்கும்படியும் செய்யலாம். முதல் இரண்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமை கொண்டவை. மூன்றாவதுக்கு வயது எழுபதை ஒட்டித்தான். நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பாலிஸ்டைரீன் நுரை வந்த பிறகே அது சாத்தியமாயிற்று.

வீட்டு முற்றத்திலோ சிறு பட்டறையிலோ அலுமினியம் வார்க்க நினைப்பவர்களை இந்த மூன்றாவது விடை பெரிதும் ஈர்க்கிறது. சூடான கம்பியால் நுரையை வெட்டி, ஒட்டி, மணலில் புதைத்து, பழைய பிஸ்டன்களை உருக்கி ஊற்றினால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி? தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத் போன்ற ஒரு தென்கோடி ஊரில், கிடைக்கும் மணலையும் காற்றையும் கைத்திறனையும் வைத்துப் பார்த்தால் எந்த வழி தகும்?

தாமிரபரணிக் கரையில் தொடங்கும் வரலாறு

நாசரேத்துக்கு வடக்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்கே தோண்டினார். அவருக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. பறவைகளும் விலங்குகளும் உச்சியில் நிற்கும் வெண்கல மூடிகள் அவற்றில் முக்கியமானவை. கால், கொம்பு, வால் என்று எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உருவத்தை இரண்டாகப் பிரியும் அச்சிலிருந்து சிதையாமல் எடுப்பது கடினம். இத்தகைய உருவங்களுக்கு மெழுகு வழியே இயல்பானது என்பது வார்ப்பறிந்தவர்களின் கருத்து. மொகஞ்சதாரோவின் நடன மங்கையும் மெழுகு வழியில் வார்க்கப்பட்டவள்தான்.

அந்த வழி இன்றும் உயிரோடு இருக்கும் இடம் சுவாமிமலை. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து ஸ்தபதி உருவத்தைப் பிடிக்கிறார். அதன்மேல் முதலில் காவிரியின் நைசான வண்டலைக் குழைத்து மெல்லியதாகப் பூசி நிழலில் காயவிடுகிறார். விரல் ரேகை அளவு நுணுக்கத்தையும் உலோகத்தில் பதியச் செய்வது இந்த முதல் பூச்சுதான். அது காய்ந்த பிறகு கனத்த மண், அதன்மேல் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு அச்சைச் சுட்டு மெழுகை வடித்து, சூடு ஆறும் முன்னே உலோகத்தை ஊற்றுகிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசம் இந்த முறையை விவரிக்கிறது. மெழுகை நிறுத்துப் பார்த்து எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்கிடும் வழியும் அதில் உண்டு.

அந்தக் கணக்கை நுரைக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். செம்பின் அடர்த்தி மெழுகைப்போல ஒன்பது மடங்குக்குச் சற்று அதிகம். கன மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள நுரைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதமோ 135 மடங்கு. அதாவது 20 கிராம் நுரை இருந்த இடத்தை 2.7 கிலோ அலுமினியம் பிடிக்கிறது. இவ்வளவு சொற்பமான பொருளை உலோகமே அழித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் பிறக்கக் காரணம் இந்த விகிதம்தான். மெழுகை அப்படி விட்டுவிட முடியாது.

மெழுகு வழியின் குறைகளும் தெளிவானவை. ஒவ்வொரு பொருளுக்கும் புதிய மெழுகு உரு வேண்டும். அச்சு காயப் பல நாள் ஆகும். அச்சைச் சுட விறகு வேண்டும். தெய்வத் திருமேனிக்கு இந்த உழைப்பு தகும். மோட்டார் மூடிக்கோ கப்பிச் சக்கரத்துக்கோ யாரும் இதைச் செய்வதில்லை.

அவற்றுக்கு உரியது மண் அச்சு. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கின் தண்டையும் தட்டையும் தனித்தனி மாதிரி வைத்து வண்டல் மண்ணில் வார்த்து, கடைந்து, திருகிப் பொருத்துகிறார்கள். கோயம்புத்தூரின் பம்ப், மோட்டார் தொழிலைத் தாங்கி நிற்பதும் இதே முறைதான். ஈரப்பதமும் களியும் சேர்ந்த மண்ணை மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி என்று இரண்டில் இடித்து, பிரித்து, மர மாதிரியை எடுக்கிறார்கள். ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கில் வார்க்கலாம் என்பது இதன் பலம். மாதிரி மண்ணைப் பெயர்க்காமல் வெளியே வரவேண்டும் என்பது இதன் நிபந்தனை. அதற்காகப் பக்கங்களுக்குச் சாய்வு கொடுக்க வேண்டும். உள்குழிவு இருந்தால் அதன் வடிவில் கோர் என்னும் மண் உருவைத் தனியே செய்து வைக்க வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவேற்றும் கைப்பழக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

அலுமினியம் என்னும் புதியவன்

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பழகிய நாட்டுக்கு அலுமினியம் மிகத் தாமதமாக வந்தது. மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறை 1886-இல்தான் கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதைத் தொழிலாக்கிய பெருமை சென்னைக்கு உரியது. 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கினார். 1903-இல் அந்தப் பிரிவு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தகட்டைத் தட்டியும் அழுத்தியும் பாத்திரம் செய்வதே அங்கு முதன்மை. அலுமினியம் நம் வீடுகளுக்குள் நுழைந்தது பாத்திரமாகத்தான். வார்ப்பு உலோகமாக அது பரவியது மோட்டாரும் வண்டியும் பெருகிய பிறகு.

நாசரேத் தொழிற்கல்விக்குப் புதிய ஊர் அல்ல. தாது வருடப் பஞ்சம் தென் மாவட்டங்களை உலுக்கிய காலத்தில் அங்கே பணியாற்றிய ஆர்தர் மர்காஷிஸ், ஆதரவற்ற சிறுவர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்க 1878-இல் கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். மரவேலையும் கொல்வேலையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுவது வார்ப்புக்கு நல்ல அடித்தளம். மாதிரி செய்பவர் தச்சர், உலை தெரிந்தவர் கொல்லர்.

ஆனால் கொல்லருக்குப் பழகிய இரும்பைப் போன்றதல்ல அலுமினியம். அது 660 டிகிரியில் உருகிவிடும். சிரட்டைக்கரி உலையும் ஒரு சிறு ஊதியும் அந்தச் சூட்டைத் தந்துவிடும். இதனால் எளிய உலோகம் என்று பெயர் வாங்கிவிட்டது. உண்மையில் ஒரு கிலோ அலுமினியத்தை ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம், ஒரு கிலோ செம்புக்கு ஆவதைவிட அதிகம். உருகும்போது அது செந்தழலாக ஒளிர்ந்து எச்சரிப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் வெள்ளித் தண்ணீர் போலக் கிடக்கும். காற்றுப் பட்டவுடன் அதன்மேல் ஆக்சைடுத் தோல் படர்கிறது. அந்தத் தோல் 2000 டிகிரியைத் தாண்டியும் உருகாது. நீராவியைக் கண்டால் அதைப் பிளந்து ஹைட்ரஜனைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. திட அலுமினியம் வைத்துக்கொள்ளக்கூடிய ஹைட்ரஜனைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு திரவத்தில் கரையும். உறையும்போது மிச்சம் வெளியேற முடியாமல் குமிழிகளாகத் தங்கிவிடுகிறது. தோல், ஹைட்ரஜன் என்ற இந்த இரண்டு குணங்களையும் மறந்தவர் எந்த முறையில் வார்த்தாலும் ஓட்டைப் பொருளே கிடைக்கும். நுரை முறையில் இரண்டுமே இன்னும் தீவிரமாகின்றன.

நுரை வழி: இரண்டு கிளைகள்

1958-இல் அமெரிக்காவில் ஹெரால்டு ஷ்ராயர் ஒரு காப்புரிமை பெற்றார். நுரையில் மாதிரி செய்து, மண்ணில் புதைத்து, எடுக்காமலே உலோகம் ஊற்றும் முறை அது. முதலில் ஆர்வம் காட்டியவர்கள் சிற்பிகள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்ஃபிரட் டியூகா இந்த வழியில் பெரிய உலோகச் சிற்பங்களை வார்த்தார். கத்தியும் கம்பியும் கொண்டு செதுக்கிய உரு நேரே உலோகமாவது அவர்களுக்கு வரமாகத் தெரிந்தது.

தொழிற்சாலைகள் இதை ஏற்றபோது வழி இரண்டாகப் பிரிந்தது. பிசின் போன்ற பிணைப்பி கலந்த மண்ணை நுரையைச் சுற்றி இறுகச் செய்வது ஒரு கிளை. மேற்கு ஜெர்மனியில் இது வேரூன்றியது. கார் உடல் தகடுகளை அழுத்தும் ராட்சத அச்சுகள்போல ஒன்றிரண்டு மட்டும் தேவைப்படும் கனத்த வார்ப்புகளுக்கு இன்றும் இதுவே ஏற்றது. பிணைப்பி எதுவும் இல்லாத உலர்ந்த மணலைச் சும்மா கொட்டி, அதிரவைத்து இறுக்குவது இரண்டாம் கிளை. 1964-ஐ ஒட்டி இது அமெரிக்காவில் உருவானது. ஊற்றி முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்தால் மணல் தண்ணீர் போல ஓடிவிடும். அதையே மறுபடி பயன்படுத்தலாம். காப்புரிமைக் காலம் முடிந்த 1980-களில் இந்தக் கிளை வேகம் பிடித்தது. 1990-இல் டென்னசியில் தொடங்கிய ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் ஆலை, அலுமினிய எஞ்சின் பிளாக்குகளையும் சிலிண்டர் ஹெட்டுகளையும் நுரை வழியில் வார்த்தது. உள்ளே வளைந்து நெளியும் நீர்வழிகளைக் கோர் இல்லாமல் வார்க்க முடிந்ததே காரணம்.

வீட்டில் வார்க்க விரும்புகிறவர்கள் இந்த வெற்றியை ஆதாரமாகக் காட்டுவது வழக்கம். அதில் ஒரு பிழை இருக்கிறது. ஆலையின் நுரை மாதிரி கடையில் வாங்கிய பலகையில் வெட்டியது அல்ல. அதற்கென்றே சிறுமணிகளாகச் செய்த பாலிஸ்டைரீனை உலோக அச்சில் நீராவியால் பொங்கவைத்து, மணிகளிலுள்ள பென்டேன் வாயு வெளியேறி அளவு நிலைக்கும்வரை வைத்திருந்து, அடர்த்தி சோதித்து, மணல் இறுகும் விதத்தையும் அளந்த பிறகே அங்கே ஊற்றுகிறார்கள். அத்தனையும் செய்து பழகவே அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மணலுக்குள் நடப்பது என்ன?

உலோகம் பட்டதும் நுரை ஆவியாகிப் பறந்துவிடுகிறது என்பது தொடக்க கால விளக்கம். பல எளிய கையேடுகள் இன்றும் இதையே சொல்கின்றன. 1400 டிகிரியில் ஊற்றும் வார்ப்பிரும்புக்கு இது ஓரளவு பொருந்தும். 750 டிகிரியில் ஊற்றும் அலுமினியத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நுரை முதலில் சுருங்கிப் படுக்கிறது, பிறகு பிசுபிசுப்பான திரவமாகிறது, அதில் ஒரு பகுதிதான் வாயுவாகிறது என்பது பின்னர் வந்த ஆய்வுகள் தரும் சித்திரம். அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் எக்ஸ்-கதிர் கொண்டு உலோகம் நிரம்புவதை நேரடியாகப் பார்த்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்க உதவின.

இந்த வேறுபாடு நடைமுறையில் மிக முக்கியமானது. கணக்குக்காக, ஒரு லிட்டர் நுரையிலுள்ள 20 கிராம் பாலிஸ்டைரீன் முழுவதும் ஸ்டைரீன் ஆவியாகிறது என்று கொள்வோம். 700 டிகிரியில் அது ஏறத்தாழ 15 லிட்டர் வாயு. சில நொடிகளில் இது மணல் வழியே வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் உலோகத்தைத் திருப்பித் தள்ளி, ஊற்றுவாய் வழியே கொப்பளிக்கும். வாயுவாகாமல் எஞ்சும் பிசுக்கோ உலோகத்தின் முகப்பில் ஒட்டிக்கொள்கிறது. இரு பக்கமிருந்து வரும் உலோகம் சந்திக்கும் இடத்தில் பிசுக்கும் ஆக்சைடுத் தோலும் நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றாகக் கலப்பதில்லை. வெளிப் பார்வைக்கு மயிரிழைக் கோடாகத் தெரியும் அந்த மடிப்பில் பொருள் பிளந்துவிடும். அலுமினிய நுரை வார்ப்பின் தீராத நோய் இதுவே.

இங்கேதான் பூச்சுக்கு முக்கியத்துவம் வருகிறது. நுரையின்மேல் பூசிக் காயவைக்கும் வெப்பந்தாங்கிப் பூச்சு மூன்று வேலை செய்கிறது: மணலைச் சரியவிடாமல் பிடிக்கிறது, வாயுவை அளவோடு வெளியே விடுகிறது, திரவப் பிசுக்கை உறிஞ்சிக்கொள்கிறது. சுவாமிமலை ஸ்தபதியின் முதல் வண்டல் பூச்சு நுணுக்கத்துக்காக இடப்படுவது. இந்தப் பூச்சு அதோடு மூச்சும் விடவேண்டும். மிகக் கனமானால் வாயு அடைபடும்; மெல்லியதானால் உலோகம் மணலுக்குள் ஊடுருவும். பூச்சு தேவையே இல்லை என்று வாதிடும் வீட்டு வார்ப்பாளர்களும் உண்டு. தடித்த, எளிய, முகப்பழகு தேவைப்படாத பொருளில் அது நடக்கவும் செய்யும். அதைப் பொது விதியாக்குவது சரியல்ல.

வீட்டு முற்றத்து நடைமுறை

வீட்டில் உலோகம் உருக்கும் ஆர்வத்துக்கு மேலை நாடுகளில் பெரிய தூண்டுகோலாக இருந்தது, டேவ் ஜிஞ்சரி 1980-இல் வெளியிட்ட கரி உலை பற்றிய நூல். பழைய அலுமினியத்தை உருக்கி, பட்டறை இயந்திரங்களைத் தானே வார்த்துக்கொள்ளும் வழியை அவர் வரிசையாகக் காட்டினார். அவர் நம்பியது நுரையை அல்ல, மர மாதிரியையும் ஈர மண்ணையும். நுரை பின்னால் வந்த தலைமுறையின் விருப்பம்.

நுரை நம் கடலோரத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீனை ஏற்றிச்செல்லும் வெள்ளைப் பெட்டிகள் உடைந்தால் குப்பைதான். தெர்மாகோல் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அலங்காரத் தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. பொதிகட்டும் நுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மீன் பெட்டியைப் பயன்படுத்துகிறவர் உப்பையும் ஈரத்தையும் முற்றாகப் போக்க வேண்டும். பெட்டி நுரை பெரும்பாலும் அடர்த்தி கூடியது. வாயுவும் பிசுக்கும் அதற்கேற்பக் கூடும். மின்பொருள் பொதியும் இலேசான நுரை இந்த வகையில் நல்லது, ஆனால் மணலின் பாரத்தில் நசுங்கக்கூடும்.

மணல் விஷயத்தில் இந்தப் பகுதிக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் கலந்திருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், காயவைத்த மணலும் ஒரே இரவில் நீர் ஏறிவிடும். நாசரேத்துக்குத் தெற்கே விரியும் தேரியின் செம்மணல் காற்று அடித்துக் குவித்தது. மணிகள் உருண்டவை, நைசானவை. அவற்றின்மேல் இரும்பு ஆக்சைடும் கொஞ்சம் களியும் படிந்திருக்கின்றன. ஈர மண் அச்சுக்கு இந்தக் களி உதவும்; உலர் மணல் முறையில் அதே களி வாயு போகும் துளைகளை அடைக்கும். எனவே கழுவி, சலித்து, வறுத்தெடுக்காமல் தேரி மண்ணை நுரை வார்ப்புக்கு நம்ப முடியாது. தேரியை வெட்டி எடுப்பதும் சரியல்ல. அது காக்கப்பட வேண்டிய நிலம். ஒரு பட்டறைக்கு வேண்டியது சில மூட்டை மணல், அதுவும் ஆண்டுக்கணக்கில் திரும்பப் பயன்படுவது. முறையாக விற்கப்படும் கழுவிய சிலிக்கா மணலை வாங்குவதே நேர்மையான வழி.

உலோகத்தைப் பொறுத்தவரை பிஸ்டன், கியர்பெட்டி மூடி போன்ற ஏற்கெனவே வார்க்கப்பட்ட உருப்படிகள் நல்ல மூலப்பொருள். அவற்றில் சிலிக்கன் கலந்திருப்பதால் நன்றாக ஓடும். 12 விழுக்காட்டை ஒட்டிச் சிலிக்கன் உள்ள கலவை 577 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். குளிர்பான டின்களில் பெயிண்டும் ஆக்சைடும் மிகுதி; உருக்கினால் பாதி கசடாகப் போவதுபோல இருக்கும். கடலோரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். செம்பு மிகுந்த டை-காஸ்ட் (உலோக அச்சில் அழுத்தி வார்த்த) கழிவில் செய்த பொருள் உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும். செம்பு மிகக் குறைந்த எல்.எம்.6 கலவை கடல் காற்றைத் தாங்கக்கூடியது.

ஊற்றும் முறையில் அனுபவசாலிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வழக்கமான மண் அச்சுக்கு ஆகும் சூட்டைவிடக் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும். நுரையை உருக்குவதில் உலோகம் தன் சூட்டை இழக்கிறது. தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. ஊற்றுவாயில் உலோகம் எப்போதும் நிறைந்து நிற்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் முன்னேறிக்கொண்டிருந்த முகப்பு உறையும், மேலே உள்ள மணல் வெற்றிடத்தில் சரியும். பூசிய மாதிரியை அன்றாடம் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே புதைக்க வேண்டும். விரலுக்கு உலர்ந்ததாகத் தெரிவது போதாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூச்சு இப்படி உலர வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

வீட்டில் கூடாது என்போரின் வாதம்

இந்த வாதத்தை அச்சம் என்று ஒதுக்க முடியாது. பாலிஸ்டைரீன் சிதையும்போது ஸ்டைரீனோடு பென்சீன், டொலுவீன் போன்றவையும் கரிப்புகையும் வெளிவருகின்றன. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. ஸ்டைரீனை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல், புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாகக் கருதத்தக்க பொருள்களின் பட்டியலுக்கு உயர்த்தியது. கட்டடங்களில் வெப்பத் தடுப்பாகப் பதித்த பழைய நுரையில் எரியாமல் தடுக்கும் புரோமின் சேர்மங்கள் இருக்கலாம். அவற்றில் முக்கியமான எச்.பி.சி.டி. 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்கப்பட்ட நச்சுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மெத்தை, சோபாவில் உள்ள பாலியுரித்தேன் நுரையைத் தெர்மாகோல் என்று எண்ணிப் பயன்படுத்தினால் சயனைடு வாயு வரும். பி.வி.சி. நுரை ஹைட்ரஜன் குளோரைடைத் தரும். ஆலையில் புகையை இழுத்துச் சுத்திகரிக்கும் கருவி உண்டு. முற்றத்தில் நிற்பவருக்குத் துணை காற்றின் திசை மட்டுமே. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதுவும் இல்லை.

தண்ணீரின் ஆபத்து இதனினும் உடனடியானது. நீர் ஆவியாகும்போது 1600 மடங்குக்கு மேல் விரிகிறது. ஈர மணல், காயாத பூச்சு, தண்ணீர் ஒட்டிய கரண்டி, ஏன், சிமெண்டுத் தரைக்குள் ஊறியிருக்கும் ஈரம்கூட உருகிய அலுமினியத்தை நாலாபுறமும் தெறிக்கச் செய்யும். தரையில் உலர்மணல் பரப்பி அதன்மேல் வேலை செய்வதும், பருத்தி உடையும் தோல் காலணியும் முகக் காப்பும் அணிவதும் விருப்பத்துக்கு விடக்கூடியவை அல்ல.

எதிர்த்தரப்பின் பதில்: திறந்த வெளியில், எப்போதாவது, சில நூறு கிராம் வார்ப்பதில் வெளிவரும் நச்சு சிறியது, குப்பை எரிக்கும் தெருக்களில் அதைவிட அதிகம் சுவாசிக்கிறோம். அளவைப் பற்றிய பகுதி ஏற்கத்தக்கது. ஒரு கேடு இருப்பதால் இன்னொன்றை அனுமதிக்கலாம் என்ற பகுதி ஏற்கத்தக்கதல்ல.

நடுவழிகள்

நுரையின் வசதியையும் மெழுகின் தூய்மையையும் இணைக்கும் முயற்சிகள் உண்டு. இங்கிலாந்தின் எஃகு வார்ப்பு ஆய்வாளர்கள் உருவாக்கிய ரெப்ளிகாஸ்ட் முறையில் நுரையின்மேல் பீங்கான் ஓடு ஏற்றி, நுரையை முதலில் எரித்து வெளியேற்றி, காலியான ஓட்டில் உலோகம் ஊற்றுகிறார்கள். எஃகு நுரையின் கரியை உட்கொள்ளும் என்பதால் அவர்களுக்கு இது தேவைப்பட்டது. அலுமினியம் கரியைக் கரைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் மடிப்பு நோய் இந்த வழியில் பெருமளவு நீங்குகிறது. சிற்பிகள் பலர் இதையே விரும்புகிறார்கள். சூளை வேண்டும் என்பதும் புகை இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை என்பதும் இதன் குறைகள். நுரையை அசிட்டோனில் கரைத்து வடிப்பது எளிதாகத் தோன்றும். எளிதில் தீப்பற்றும் திரவத்தை உலைக்களத்துக்கு அருகில் கொண்டுவருவதை எந்தப் பொறுப்பான ஆசிரியரும் பரிந்துரைக்க மாட்டார்.

நுரை ஒரு தடவைக்கான மாதிரி என்பதை மறந்துதான் பலர் செலவுக் கணக்குப் போடுகிறார்கள். ஒரே ஒரு பொருள் வேண்டுமென்றால் நுரையை வெட்டும் நேரம் மர மாதிரி செய்யும் நேரத்தில் சிறு பங்கு. பத்துப் பொருள் என்றால் பத்து நுரை, பத்துப் பூச்சு, பத்துக் காத்திருப்பு. அதற்குள் மர மாதிரி தன் விலையை ஈடுகட்டிவிடும். வெட்டிய நுரையின் மணிகள் தெரியும் மேற்பரப்பு அப்படியே உலோகத்தில் பதியும் என்பதால் பிறகு அரத்தால் ராவும் வேலையும் சேரும்.

தீராமல் இருப்பவை

சில கேள்விகளுக்கு இன்னும் முடிந்த விடை இல்லை. நுரை வழியில் வார்த்த அலுமினியம் மீண்டும் மீண்டும் வரும் சுமையை எவ்வளவு காலம் தாங்கும் என்பது மடிப்புகளையும் துளைகளையும் பொறுத்தது. ஆலைச் சூழலில் அதற்கு அளவுகள் உண்டு. முற்றத்து வார்ப்பு ஒவ்வொன்றும் தனி வகையாதலால் அந்த அளவுகளை அங்கே பொருத்திப் பார்க்க இயலாது. சிறு அளவில் வார்ப்பவர் உண்மையில் எவ்வளவு நச்சை உட்கொள்கிறார் என்பதும் காற்று, நுரையின் அடர்த்தி, ஊற்றும் சூடு ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கழுவிய தேரி மணல் எந்தச் சலிப்பில், எந்தப் பூச்சோடு சரிவரும் என்பது ஒரு தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் ஒரு கல்வியாண்டில் சோதித்துச் சொல்லக்கூடிய செய்தி. எடுத்துச் செய்யத்தக்க வேலை அது.

இப்போதைக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு இவ்வளவு கூறலாம். நுரை வழி வார்ப்பின் உழைப்பைக் குறைப்பதில்லை. அச்சுப் பெட்டியில் இருந்த உழைப்பைப் பூச்சுக்கும் மணலுக்கும் இடம் மாற்றுகிறது. மாதிரியை மண்ணிலிருந்து உருவும் திறமையை விட்டுவிடலாம். உலோகத்தை அறியும் திறமையை விடமுடியாது. ஆகவே தொடங்குகிறவர் முதலில் ஈர மண்ணிலும் மர மாதிரியிலும் கை பழகி, அதன் பிறகே நுரைக்கு வருவது நல்லது. ஒரே ஒரு பெயர்ப்பலகை, கதவுப் பிடி, அலங்கார உரு, மண்ணிலிருந்து உருவி எடுக்க முடியாத வளைவுகள் கொண்ட சிற்பம் ஆகியவற்றுக்கு நுரை சிறந்த வழி. வண்டியின் பிரேக், ஸ்டியரிங் உறுப்புகள், பாரம் தூக்கும் கொக்கி, உயிரை நம்பி ஏறும் எதற்கும் அது கூடாது. சமையல் பாத்திரத்துக்கும் கூடாது. கேமரூனில் கழிவு அலுமினியத்தில் வார்த்த சட்டிகளைச் சோதித்தபோது உணவில் கரையும் அளவுக்கு ஈயம் இருந்தது தெரியவந்தது. செய்யும் இடம் நெருங்கிய தெருவின் வீட்டு முற்றமாக இல்லாமல், கூரை உயர்ந்த, காற்றோட்டமுள்ள, தீயணைக்க உலர்மணல் வாளியும் பழகிய ஒருவரின் மேற்பார்வையும் உள்ள பயிற்சிப் பட்டறையாக இருக்க வேண்டும்.

1878-இலேயே மரவேலையையும் கொல்வேலையையும் ஒரு கூரையின்கீழ் கொண்டுவந்த ஊருக்கு இது புதிய கோரிக்கை அல்ல. தென் மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்கள் சிறு அலுமினிய வார்ப்பைப் பாடத்தில் சேர்க்க வேண்டும். ஆர்வமுள்ள இளைஞர்கள் தனியே முற்றத்தில் கற்பதைவிட அங்கே கற்பது பாதுகாப்பானது.